பேனையை மூடி வைக்கச் சொல்லலாமா?

(வாசகி ஒருவரின் மூன்று பக்கக் கடிதம், சுருக்கித் தரப்படுகிறது.)

வணக்கம் டொக்டர். எனக்கு வயது 43. வடமராட்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒன்றரை வருடமாக இரவில் நெஞ்சு படபடத்து எழும்பிவிடுகிறேன். யாழ்ப்பாணம் போகும் பஸ் நெல்லியடி தாண்டும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். வல்லை வெளி என்ற வெட்டவெளிக்குள் பஸ் இறங்கியதும் மூச்சு அடைக்கும், விரல்கள் விறைக்கும். இரண்டு தரம் வெளி முடிந்த இடத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் உளவளத்துணையாளரிடம் மாதம் ஒருமுறையாக நான்கு தரம் போய்விட்டேன். நல்ல பிள்ளை. ஆனால் கேட்கிறார், எழுதுகிறார், திரும்பவும் கேட்கிறார். அவர் பேனையை எடுத்ததும் எனக்கு வாய் திறக்க வராது. காணாமற்போன தம்பியைப் பற்றி அம்மாவும் நானும் இரண்டு ஆணைக்குழுக்களிடம் சொல்லியிருக்கிறோம். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று இவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நம்பிக்கையோடு வாருங்கள், நம்பிக்கைதான் பாதி மருந்து" என்கிறார். கனடாவில் இருக்கும் மச்சாள், "அதை விட்டுவிட்டுக் கோயிலில் நூல் கட்டு" என்கிறார். எனக்கு இதிலும் நம்பிக்கை இல்லை, அதிலும் பெரிதாக இல்லை. நம்பினால்தான் குணமாகும் என்றால் நூல் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? என் நம்பிக்கையீனத்தால்தான் குணமாகவில்லையா? நிறுத்திவிடலாமா?

சகோதரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் டொக்டர் அல்ல. உளவளத்துணையாளர், இந்த வேலையில் இருபத்திரண்டு வருடம். கிளினிக்கில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எவரென்றாலும் டொக்டர்தான் என்பது நம் ஊர் வழக்கம். கதவைத் திறந்துவிடும் சிற்றூழியரையும் டொக்டர் என்று கூப்பிட்ட ஆச்சி ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஒரு முழு எதிர்பார்ப்பும் கூடவே அறைக்குள் வந்துவிடுகிறது.

டொக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்பது நமக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். விடியப் போய்த் துண்டு எடுப்போம். வாங்கில் நகர்ந்து நகர்ந்து முறை வரும். இரண்டு வசனம் சொல்வோம், நெஞ்சில் குழாயை வைப்பார், ஐந்து நிமிடத்தில் மருந்து எழுதியாகிவிடும். வருத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை, மாற்றுவது அவர் வேலை. அதே வாங்கில் இருந்து, அதே கிளினிக் கொப்பியோடு உள்ளே போகிற ஒருவருக்கு, இந்த அறையில் மட்டும் வேலைப்பங்கீடு வேறு என்று எப்படித் தெரியும்? யாராவது சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. அதை உங்கள் கணக்கில் எழுத முடியாது. என் தொழில்காரரின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆனால் நான்கு தரம் போன மாதிரியே ஐந்தாம் தரமும் போய் வருவதிலும் பயனில்லை.

இனி, "நம்பிக்கைதான் பாதி மருந்து" என்ற பேச்சு. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன், நானே பல வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது சரியல்ல. சிகிச்சை தொடங்கும்போது ஒருவர் எவ்வளவு குணத்தை எதிர்பார்க்கிறார் என்பதையும், முடிவில் அவருக்கு எவ்வளவு குணம் கிடைத்தது என்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் கொன்ஸ்டன்டினோவும் கூட்டாளிகளும் 2018இல் ஒன்றாகத் திரட்டினார்கள். 81 குழுக்கள், 12,722 பேர். தொடர்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் சிறியது. ஆளுக்கு ஆள் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கைத்தான் அந்த எதிர்பார்ப்போடு சேர்த்துச் சொல்ல முடிகிறது. சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே உருவாகும் உறவுக்கு அதே மாதிரிக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரும். பாடநூல்களில் எதிர்பார்ப்புக்குப் பதினைந்து வீதம் என்று ஒரு வட்டப்படம் போட்டிருப்பார்கள். அது லாம்பேர்ட் என்பவர் 1992இல் தம் வாசிப்பை வைத்துச் சொன்ன மதிப்பீடு, அளந்து எடுத்தது அல்ல. அந்தப் படத்தை வெண்பலகையில் வரைந்து நானும் படிப்பித்திருக்கிறேன், இப்போது வரைவதில்லை.

ஆகவே உங்கள் நம்பிக்கையீனம் உங்களைக் குணமாகவிடாமல் தடுக்கிறது என்ற பயத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பயத்தை ஆட்களின் தலையில் ஏற்றிவிடுவது எவ்வளவு கெடுதல் என்பதை நான் ஒரு மேசனிடம் கற்றேன்.

வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். தென்மராட்சியிலிருந்து ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். (அவரை இனங்காணக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை இல்லை. சாரத்தில் ஏறினால் கை நடுங்கும். வேலை போய்விடுமோ என்ற யோசனை வேறு. எனக்கு இளமை, அவருக்கு ஏதாவது தெம்பாகச் சொல்ல வேண்டும் என்ற அவசரம். "ஐயா, ஆறு தரம் வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவர் காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து, கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் ஆறு கோடு கீறினார். ஒவ்வொரு தரமும் எழும்பிப் போகுமுன் ஒரு கோட்டைக் குறுக்கே வெட்டுவார். நிலைக்கால் அளப்பவரின் கை. கோடுகள் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல் இருந்தன. ஆறாம் நாள் கடைசிக் கோட்டையும் வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "முடிந்ததா?" என்றார்.

அப்போது அவர் நான்கு மணித்தியாலம் நித்திரை கொண்டார். இரண்டு நான்காகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது பெரிய முன்னேற்றம். "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னதால் அது தோல்வியாகிவிட்டது. ஏழாம் தரம் அவர் வரவில்லை. அடுத்த வருடம் சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழக் கடைக்கு முன்னால் கண்டேன். அவர்தான் முந்திக்கொண்டு பேசினார்: "உங்களுடைய கைராசியில் பிழை இல்லைத் தம்பி. நான்தான் ஒழுங்காக நம்பவில்லைப்போல."

கைராசி என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். ஊர்ப் பரியாரியாருக்கு அது உண்டு, மருத்துவிச்சிக்கு உண்டு, தென்னம்பிள்ளை நடுபவருக்கும் உண்டு. எதிர்பார்ப்பின் வேலையை ஆய்வாளர்கள் அளக்கத் தொடங்குமுன்பே நம் ஆட்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஒரு வசதி: குணமானால் கை நல்லது. குணமாகாவிட்டால் மாத்திரம் எப்படியோ பழி நோயாளியின் பக்கம் போய்விடுகிறது. உங்கள் இரண்டாம் கேள்வியை வாசித்தபோது அந்த மேசனின் குரல்தான் கேட்டது.

இப்போது நூலுக்கு வருகிறேன். நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டு இருநூற்று நாற்பது வருடம் ஆகிறது. பாரிஸில் மெஸ்மர் என்ற வைத்தியர், உடலுக்குள் ஓடும் ஒருவகைக் காந்தத்தைச் சரிசெய்து நோய் தீர்ப்பதாகச் சொல்லிப் பெரும் கூட்டம் சேர்த்தார். 1784இல் பதினாறாம் லூயி மன்னன் ஒரு விசாரணைக் குழு அமைத்தான். அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் பிராங்ளினும் அதில் ஒருவர். அவருடைய தோட்டத்திலேயே ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் ஓர் அப்ரிகொட் மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். காந்தம் ஏற்றிய மரத்துக்கு அருகே போனால் அவனுக்கு உடல் உதற வேண்டும். முதல் மரத்தைக் கட்டிப் பிடித்ததும் வியர்த்தான், இருமினான். இரண்டாவதில் தலை கிறுகிறுத்தது. மூன்றாவதில் இன்னும் கூடியது. நான்காவது மரத்தில் மயங்கி விழுந்தான். நான்கில் ஒன்றுகூட அந்த அப்ரிகொட் மரம் இல்லை.

பையன் நடிக்கவில்லை. வியர்வை உண்மை, மயக்கம் உண்மை. எதிர்பார்ப்பு உடலில் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நூலிலும் அது வேலை செய்கிறது, என் அறையிலும் செய்கிறது, டொக்டர் தரும் குளிசையிலும் செய்கிறது. இதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்தப் பையனைக் குறித்து இன்னொன்றையும் கவனியுங்கள். அவனுக்கு வந்தது குணம் அல்ல, மயக்கம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட் 1890இல் எழுதிய ஒரு கட்டுரையில் எதிர்பார்ப்பை இரண்டாகப் பிரித்தார்: நம்பி எதிர்பார்ப்பது ஒன்று, அஞ்சி எதிர்பார்ப்பது ஒன்று. இரண்டுமே உடலை ஆட்டிவைக்கக் கூடியவை. நம்பிக்கை இல்லாதவர் என்று உங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் ஏற்கமாட்டேன். பஸ் நெல்லியடி தாண்டும்போதே உங்கள் உள்ளங்கை வியர்க்கிறது. வல்லை வெளி வர முன்பே வல்லை வெளி உங்களுக்குள் வந்துவிடுகிறது. அங்கே மூச்சு அடைக்கும் என்பதை நீங்கள் அவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள். உங்களிடம் எதிர்பார்ப்புக்குப் பஞ்சமில்லை, அது முழுவதும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்வது என் வழக்கமல்ல. ஆனால் பதகளிப்பு இப்படி வரும்போது நாங்கள் செய்யும் சிகிச்சையின் நடுப்பகுதி எது என்று சொல்லலாம், நூலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. படபடப்பு அலைபோல ஏறும். ஏறிய பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டாலும், தானாக இறங்கும். நீங்கள் அது உச்சத்தில் இருக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறீர்கள். உடல் என்ன கற்கிறது? "இறங்கியதால் பிழைத்தேன்." அடுத்த தரம் இன்னும் முந்தியே எச்சரிக்கிறது. அதே இருக்கையில் இருந்து, அலை இறங்கும்வரை, பஸ் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை ஒருமுறை இருந்துவிட்டால் உடல் வேறொன்றைக் கற்கும். ஒருமுறை போதாது, பலமுறை வேண்டும். அதைத் தனியே, திடீரென்று செய்யத் தேவையில்லை. துணையாளரோடு சேர்ந்து படிப்படியாகத் திட்டமிட வேண்டும். முதல் தரம் வெளியின் விளிம்புவரை மட்டும், பிறகு தங்கையோ தோழியோ பக்கத்தில் இருக்க, பிறகு தனியே.

இந்தக் கற்றலுக்கு நம்பிக்கை தேவையில்லை. கீரிமலைக் கேணியில் இறங்குகிறவர் தண்ணீர் தாங்கும் என்று நம்பினாலும் தாங்கும், நம்பாவிட்டாலும் தாங்கும். படியில் நின்றுகொண்டே இருந்தால் மட்டும் தாங்காது. நம்பிக்கையின் உதவி முதல் படியில் கால் வைக்கும் வரைக்கும்தான். அதற்கு மலையளவு வேண்டாம், "சரி, ஒருக்கால் செய்து பார்ப்போம்" என்ற அளவு போதும். அந்த அளவு உங்களிடம் இருக்கிறது, இல்லாவிட்டால் இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவும் இல்லை. போர்க்காலத்தில் இங்கே பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்தில் பழகிய சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் மூச்சுப் பயிற்சியையும் சிகிச்சையின் பகுதியாகவே பயன்படுத்தினார். நூலும் கட்டி, பஸ்ஸிலும் ஏறலாம். பஸ்ஸில் ஏறாமல் இருப்பதற்காக நூல் கட்டினால்தான் எனக்கு வழக்கு. மச்சாளுக்கும் இதையே சொல்லுங்கள். கனடாவிலிருந்து பார்க்கும்போது வல்லை வெளி மிகச் சிறிதாகத் தெரியும்.

சரி, "என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை" என்ற முறைப்பாடு. இது குணமாகுமா ஆகாதா என்ற எதிர்பார்ப்பு அல்ல. அறைக்குள் என்ன நடக்கும், யார் எதைச் செய்வார் என்ற எதிர்பார்ப்பு. உங்கள் விஷயத்தில் இடறியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் பெயர் தேடியபோது நம்மவர்கள் சிலர் 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல்லை எடுத்தார்கள். 'ஆற்றுதல்' என்று நினைத்துச் சூட்டை ஆற்றுவது, புண்ணை ஆற்றுவது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஆறு என்றால் வழி. பழந்தமிழில் ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகை உண்டு. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனை வழியில் மறித்து, இந்த வழியே போ, இடையில் இன்ன ஊர் வரும், அங்கே இன்ன சோறு தருவார்கள், போய்ச் சேர்ந்தால் அவன் உன்னை இப்படி வரவேற்பான் என்று விவரமாகச் சொல்வான். வழியும் சொல்கிறான், வழியில் வரும் சிரமத்தையும் சொல்கிறான், எதை எதிர்பார்க்கலாம் என்றும் சொல்கிறான். முதல் நாளில் நாங்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான். பெயரில் வைத்திருக்கிறோம், நேரம் இல்லை என்று செய்யாமல் விடுகிறோம்.

அந்த வேலையின் பெறுமதி 1964இலேயே அளக்கப்பட்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் பிராங்கும் கூட்டாளிகளும், உளச்சிகிச்சைக்கு வந்தவர்களில் பாதிப் பேரை மட்டும் தொடங்குமுன் கூப்பிட்டுப் பேசினார்கள். சிகிச்சை என்றால் என்ன, சிகிச்சையாளர் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார், உங்கள் பங்கு என்ன, இடையில் வர விருப்பமில்லாத நாட்கள் வரும், நான்கு மாதத்தில் இவ்வளவு முன்னேற்றத்தை எதிர்பார்ப்பது நியாயம் என்று. மற்றப் பாதிக்கு இந்தப் பேச்சு இல்லை. சொல்லிவைக்கப்பட்டவர்கள் ஒழுங்காக வந்தார்கள், முன்னேற்றமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஒரேயொரு உரையாடல்தான் வித்தியாசம்.

உங்களுக்கு அதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் உங்களுக்குப் புத்தி சொல்லப்போவதில்லை. புத்தி சொல்லத்தான் வீட்டில் ஆட்கள் நிறைய இருக்கிறார்களே. கேட்டுக் கேட்டு, படபடப்பு எப்போது, எங்கே, எதற்குப் பிறகு வருகிறது என்ற வரைபடத்தை உங்களோடு சேர்ந்து தயாரிக்கப் பார்க்கிறார். அது முடிந்ததும் வீட்டில் செய்யும்படி பயிற்சி தர வேண்டும். இன்னும் தரவில்லை என்றால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேகத்தைப் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. 2,400க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 1986இல் வெளியான கணக்கின்படி, எட்டு அமர்வுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அளக்கக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. இருபத்தாறில் முக்கால்வாசிப் பேருக்கு. நீங்கள் நான்கில் நிற்கிறீர்கள். அதிலும், அந்தக் கணக்கு வாரம் ஒருமுறை சந்தித்தவர்களுடையது. மாதம் ஒருமுறை என்பது எங்கள் ஆள் பற்றாக்குறை தீர்மானித்த இடைவெளி. சென்ற மாதம் பேசியதன் சூடு அடுத்த மாதம்வரை நிற்காது. முதல் இரண்டு மூன்று மாதத்துக்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர முடியுமா என்று கேளுங்கள். கேட்பவர்களுக்குப் பல இடங்களில் இடம் கிடைக்கிறது. கேட்காதவர்களுக்கு அட்டையில் திகதி மட்டும் கிடைக்கிறது.

இனி நான் மிகவும் யோசித்த இடம். உங்கள் கடிதத்தில் படபடப்புக்கு ஒரு பக்கம், மச்சாளுக்கு அரைப் பக்கம். பேனைக்கும் தம்பிக்கும் சேர்த்து மூன்று வரி. அந்த மூன்று வரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. பேனையை எடுத்தால் வாய் வராது. தம்பியின் விஷயத்தை இரண்டு ஆணைக்குழுக்களிடம் சொன்னோம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவற்றை இணைக்கும் வசனம் நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை. ஆனால் இந்த மண்ணில் ஒருவர் எதிரே இருந்து தன் கதையைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் பிறகு என்ன நடக்கும் என்பதில் நம் ஆட்களுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எழுதினார்கள். 2009க்குப் பிறகு எழுதினார்கள். படிவத்தோடு வந்தார்கள், பெயர், முகவரி, உறவுமுறை, கடைசியாகக் கண்ட இடம். சிலர் குடையைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றே எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. திட்டக் காலம் முடிந்ததும் உளவளத்துணைக்கு வந்தவர்களும் போனார்கள். அவர்களில் நானும் ஒரு முறை இருந்திருக்கிறேன். ஒரு கிராமத்தில் பதினொரு மாதம் வேலை செய்து, பன்னிரண்டாம் மாதம் சொல்லாமல் நின்றுவிட்டோம்.

இப்படி ஒரு பழக்கத்துக்குப் பிறகு, பேனையைக் கண்டால் வாய் மூடிக்கொள்வதை நம்பிக்கையீனம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் எழுதுவார்கள், எழுதினால் கொண்டுபோவார்கள், கொண்டுபோனால் ஒன்றும் வராது. அனுபவத்தில் விளைந்த எதிர்பார்ப்பு அது. "நம்பிக்கையோடு வாருங்கள்" என்று சொல்லி அதை அகற்ற முடியாது. இந்த அறையில் அது பொய்த்துப் போவதை நீங்களே காண வேண்டும்.

அதற்கு முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளை ஏன் எழுதுகிறார் என்றால், ஒரு நாளில் பலரைப் பார்க்கிறார், மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறார். கோவை கேட்கும் மேலதிகாரியும் இருப்பார். உங்களுக்கு அது என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: சொல்லலாம். "நான் பேசும்போது பேனையை மூடி வைக்க முடியுமா, நான் போன பிறகு எழுதுங்கள்" என்று கேளுங்கள். எழுதியதை யார் வாசிப்பார்கள், கோவை எங்கே இருக்கும் என்றும் கேளுங்கள். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் உளவளத்துணையாளர் என்றால், எனக்கு எழுதுங்கள், என் பதில் வேறாக இருக்கும். நல்ல பிள்ளை என்று நீங்களே எழுதியிருப்பதால் சுளிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நோயாளி தன் அதிருப்தியை நேரே சொல்லிய நாட்கள்தான் என் அனுபவத்தில் சிகிச்சை திரும்பிய நாட்கள். முதல் சில வருடங்களில் அதைக் கேட்கும்போது காது சூடாகும், இப்போது நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வேன்.

சொல்லிய பிறகும் மூன்று தரம் போய் ஒன்றும் மாறவில்லை என்றால், பிரிவின் மனநல மருத்துவரிடம் வேறொருவரைக் கேட்கலாம். செருப்பு அளவில்லை என்றால் கால் குற்றவாளி அல்ல. இடையில் நிறுத்துவது உங்களுக்கு மட்டும் தோன்றும் எண்ணமும் அல்ல. 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுக் கணக்கில் ஐந்தில் ஒருவர் இடையில் நின்றிருக்கிறார். சொல்லிவிட்டு நிற்பதற்கும் சொல்லாமல் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் என் வேண்டுகோள்.

வேறு இரண்டு சிறிய விஷயங்கள். இரத்தம் சோதித்ததில் தைரொயிட் சோதனையும் இருந்ததா என்று கொப்பியைப் பாருங்கள். அது கூடினாலும் நெஞ்சு படபடக்கும். படபடப்புக்கு மேலாக, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நேரே சொல்ல வாய் வராவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பது எனக்குக் கேட்கிறது. உங்கள் கடிதத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை, தபாலில் திருப்பி அனுப்பும்படி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். வெட்டுத் திருத்தம் இல்லாத மூன்று பக்கம், கணக்கு எழுதுகிற கையின் நேர்த்தி. பேனை உங்கள் கையில் இருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். அதை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். உள்ளே போய் இருந்ததும் அவர் கையில் கொடுங்கள். வாசித்து முடிக்கும்வரை அவரால் எழுத முடியாது.